பல் குணமான விதம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன்: ஒன்றைக்கூட நான் கூட்டவில்லை. நம்ப முடியாத சிலவற்றை வேண்டுமானால் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். சாப்பிட உட்கார்ந்திருப்பவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வருவது நல்லது.

ஒரு தையல்காரர் இருந்தார். கடைத்தெரு முனையில், செருப்புக் கடைக்கும் சாவி போடும் கடைக்கும் நடுவே ஒரு மிஷின், ஒரு மேசை, ஒரு முக்காலி, எல்லாவற்றுக்கும் மேலே அவர் மனைவியின் குரல். கடை அவ்வளவுதான். கத்தரிக்கோல் இரண்டு இருந்தன, இரண்டும் துணிக்கு. நூலுக்கு அவரிடம் பல் இருந்தது. மேல்வரிசையில் நடுவே இருக்கும் முன்பல். நூலை அதில் கொடுத்து, கீழ்ப்பல்லால் ஒரு கிள்ளு. 'டிக்' என்று ஒரு சத்தம். அதைக் கேட்டதும் பொத்தான் வேலை முடிந்தது என்று வாடிக்கையாளர்கள் சட்டைக்குக் கை நீட்டிவிடுவார்கள். பக்கத்துப் பல் எப்போதோ சைக்கிளிலிருந்து விழுந்தபோது பாதி போய்விட்டது. ஆகவே தொழிலுக்கும் சிரிப்புக்கும் இந்த ஒரே பல்தான் அவருக்கு முதல்.

ஒருநாள் அவர் எதற்கோ சிரித்தபோது மனைவி உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, மார்க் போடுற சாக்பீஸைக் கடிச்சீங்களா? பல்லுல ஒட்டியிருக்கு பாருங்க, துடைங்க."

துடைத்தார். போகவில்லை. துணியை நனைத்துத் துடைத்தார். அப்போதும் போகவில்லை. கண்ணாடியில் பார்த்தார். பல்லின் நடுவில், பளபளப்பு செத்து, ஒரு வெள்ளைப் புள்ளி.

"போய்க் காட்டிட்டு வாங்க. அந்தப் பல்லும் போச்சுன்னா உங்களை யார் பார்ப்பா, நானே பார்க்க மாட்டேன்," என்றாள் அன்போடு.

பல் மருத்துவமனை பெரிய கட்டடம். வாசலிலேயே வாசனை வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனது. கிராம்புத் தைலம், பினாயில், இரண்டுக்கும் அடியில் இன்னதென்று சொல்ல முடியாத ஒன்று, திறந்த வாய்களின் நேற்றைய மிச்சம். கூடத்தின் மூலையில் துப்பும் தொட்டி. அது அடைத்துக்கொண்டு விளிம்புவரை நிறைந்து, மேலே ஆடை கட்டியிருந்தது. தொட்டிக்கு மேலே சுவரில் 'உங்கள் புன்னகையே எங்கள் பெருமை' என்று எழுதியிருந்தார்கள். தொட்டியைக் குறிவைத்துத் தவறியவர்கள் பெருமையின் மேல் துப்பியிருந்தார்கள்.

அவரை முதலில் பார்த்தவர் சின்ன டாக்டரம்மா. படிப்பை முடித்துப் புதிதாக வந்தவர். ஆகவே கையைக் கழுவிவிட்டுப் பார்த்தார்.

"பயப்படாதீங்கண்ணா. இது இன்னும் ஓட்டை இல்ல. இனிப்பு தின்னுட்டு அப்படியே விட்டா வாய்க்குள்ள அமிலம் ஊறும். அது பல்லு மேல இருக்கிற எனாமல்ல இருந்து தாது உப்பைக் கரைச்சிருக்கு. அதான் வெளுத்துத் தெரியுது."

"போனது போனதுதானாம்மா?"

"இல்லயே! திரும்ப ஏத்திடலாம். பாதி வேலையை உங்க எச்சிலே பார்த்துக்கும். ஃப்ளோரைடு பேஸ்ட் போட்டு ரெண்டு வேளையும் துலக்குங்க, இனிப்பைக் குறைங்க, நான் இப்ப ஒரு பூச்சு பூசி விடுறேன். சில மாசத்துல கெட்டியாயிடும். நீங்க தையல்காரர்தானே? துணி நைஞ்சிருக்கு, கிழியலன்னு வெச்சுக்குங்க. கிழிஞ்சாத்தான் ஒட்டுப் போடணும். ஒண்ணே ஒண்ணு, அந்த இடத்தைக் கூரா எதையாவது வெச்சுக் குத்திடக் கூடாது. மேல் ஏடு மட்டும்தான் நிக்குது. குத்தினா உள்ள போயிடும்."

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் "போனது வராது" என்றுதான் இதுவரை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். போனது வரும் என்று சொன்ன முதல் மனுஷி இவர்.

டாக்டரம்மா சின்னத் தூரிகையைப் பூச்சில் தொட்டார். வாயருகே கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து நடு டாக்டர் உள்ளே வந்தார். சின்ன டாக்டரம்மாவுக்கு மேலே, பெரிய டாக்டருக்குக் கீழே இருந்ததால் அவருக்கு அந்தப் பெயர்.

"யாரைக் கேட்டுப் பூசுறே?"

"ஆரம்ப நிலை சார். கண்ணுக்கே தெரியுது."

"கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதுமா? ஓட்டை இல்லைன்னு உறுதி பண்ணியாச்சா?"

கோட்டுப் பையில் கையை விட்டார். அந்தக் கோட்டு ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது என்பதற்குக் காலரின் உள்மடிப்பு மட்டும் சாட்சியாக மிஞ்சியிருந்தது. ஒரு பேனா வந்தது, கடித்து வைத்த பிஸ்கட் ஒன்று வந்தது, கடைசியாக முனை வளைந்த ஒரு கூர்க்கம்பி வந்தது. அதில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளை ஊதிவிட்டு, வெள்ளைப் புள்ளியில் ஊன்றி ஒரு திருகு திருகினார்.

"ஓட்டை இல்ல," என்றார் ஏமாற்றத்தோடு. "ஆனா நான் ஒருத்தன் சொன்னாப் போதாது. பெரிய டாக்டர் குத்திப் பார்க்கணும். பூச்சை எடுத்து உள்ள வை."

பெரிய டாக்டர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயைப் பற்றிச் சொல்வது மரியாதையல்ல. இருந்தாலும் உண்மை சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். சில பற்கள் இருந்தன. அவை ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் தனித்தனியே நின்றன. ஈறோரம் பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது. அவர் பேசும்போது மேசைமேல் இருந்த காகிதங்கள் எதிர்ப்பக்கமாக நகர்ந்தன.

மேசையில் கிடந்த கூர்க்கம்பியை எடுத்துத் தம் கடைவாயில் விட்டு, மாட்டிக்கொண்டிருந்த ஒரு நாரை வெளியே இழுத்தார். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வீணாக்க வேண்டாமென்று மறுபடி வாய்க்குள் போட்டுக்கொண்டார். அதே கம்பியோடு, "ஆ காட்டுங்க," என்று தையல்காரர் பக்கம் குனிந்தார்.

குத்தினார். முகம் மலர்ந்தது.

"உங்களுக்காக எத்தனை வருஷமாக் காத்திட்டு இருக்கோம் தெரியுமாய்யா? இங்க வர்றவன் எல்லாம் ஓட்டையோடதான் வர்றான். ஓட்டைக்கு முன்னாடி வர்ற ஆள் கிடைக்கிறதே இல்ல. 'பல் மீட்புப் பிரிவு'ன்னு ஒண்ணு உருவாக்கி வெச்சிருக்கோம். தலைவர் இருக்காரு, துணைத் தலைவர் இருக்காரு, ரெண்டு பேருக்கும் தனித்தனிக் குளிர்சாதன அறை இருக்கு, பெயர்ப்பலகை கூடத் தயார். நோயாளி ஒண்ணுதான் பாக்கி இருந்தது. முறைப்படி திறப்பு விழா வெச்சு, அன்னைக்கு உங்க பல்லுல பூசித்தான் பிரிவைத் தொடங்கணும். அது வரைக்கும் இந்தப் பல்லு இப்படியே இருக்கணும்."

"நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படிங்க. அதுவரைக்கும் நல்லாத் துலக்கிட்டு வரேங்க."

பெரிய டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"துலக்கக் கூடாது! நீங்க பாட்டுக்கு வீட்டுல துலக்கி அது குணமாயிடுச்சுன்னா? எங்க பூச்சுல குணமாச்சா, உங்க பிரஷ்ல குணமாச்சான்னு யார் சொல்றது? வீட்டிலேயே குணமாகிறதுக்கு எதுக்குய்யா இவ்வளவு பெரிய கட்டடம்? துலக்கினது தெரிஞ்சா உங்களுக்குப் பூச்சும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"சார்," என்றார் சின்ன டாக்டரம்மா, "துலக்காட்டாலும் எச்சில்ல இருக்கிற உப்பு கொஞ்சம் கொஞ்சமா ஏறிட்டேதான் சார் இருக்கும்."

பெரிய டாக்டர் யோசித்தார். எச்சில் யார் உத்தரவில் வேலை செய்கிறது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. உடனே நடு டாக்டரை அனுப்பி ஒரு புட்டி வரவழைத்தார். சர்க்கரைப் பாகு. அதை வாரா வாரம் இங்கே வந்து வாயில் ஊற்றி, புள்ளிமேல் படும்படி வைத்திருக்க வேண்டும்.

"சர்க்கரைப் பாகு சார் இது!" என்று அலறினார் சின்ன டாக்டரம்மா.

"நிலைநிறுத்தும் திரவம்னு சொல்லும்மா. படிச்ச பிள்ளைதானே நீ."

அன்றிலிருந்து தையல்காரர் வாரந்தோறும் போனார். பூச்சு என்ற ஒன்று அங்கே அலமாரிக்குள் இருந்தது. அதைப் பூசினால் பல் பிழைக்கும். பூசும்வரை இவர்கள் சொல்வதைக் கேட்டாக வேண்டும். அவர் கணக்கு அவ்வளவுதான். போனதும் பாகை வாயில் ஊற்றுவார்கள். பிறகு நீண்ட மேசையைச் சுற்றிப் பிரிவுத் தலைவர்கள் கூடுவார்கள். ஈறுப் பிரிவுத் தலைவர், கோணல்பல் பிரிவுத் தலைவர், பொய்ப்பல் பிரிவுத் தலைவர், இன்னும் யார் யாரோ. புள்ளி ஓட்டையாகிவிட்டதா என்று ஒவ்வொருவரும் வயது வரிசைப்படி குத்திப் பார்த்து, "ஆகவில்லை" என்று அறிவிப்பார்கள். இடையில் ஒருவர் தும்மினால் வரிசை குழம்பிவிடும், முதலிலிருந்து தொடங்குவார்கள். கம்பியும் தேநீர்க் கோப்பைகளும் ஒரே தட்டில்தான் வரும். பொய்ப்பல் பிரிவுத் தலைவர் கண் பார்வை குறைந்தவர். அவர் ஒருநாள் தையல்காரர் வாயிலிருந்து எடுத்த கம்பியால் தம் தேநீரைக் கலக்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்குத்தான் இனிப்பு சரியா இருக்கு," என்றார்.

அலமாரியைத் தையல்காரர் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துவிட்டு வந்தார்.

வீட்டில் நிலைமை வேறாக இருந்தது.

"பேசணும்னா அந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க," என்றாள் மனைவி, மூக்கில் ஒரு வெட்டுத்துணியை அழுத்திக்கொண்டு. "சாக்கடையைத் திறந்து வெச்சா மூடி போட ஆள் வருவாங்க. உங்க வாய்க்கு யாரைக் கூப்பிட?"

"கொஞ்சம் பொறுத்துக்கடி. பூச்சு பூசிட்டா எல்லாம் சரியாயிடும்."

"எதைப் பூசப் போறாங்க, உங்க மூஞ்சிலயா? பல்லைக் காப்பாத்த ஒரு ஆஸ்பத்திரி, துலக்காதேன்னு சொல்லுதாம். இதைக் கேட்டுட்டு வாரா வாரம் தலைவாரிக்கிட்டு வேற போறீங்க!"

"பெரிய டாக்டரே சொல்றாரு. பெரிய படிப்பு படிச்சவரு."

"அவரு வாயைப் பார்த்தீங்களா?"

தையல்காரர் பார்த்திருந்தார்.

அவர் கடித்த நூல் கையோடு வழவழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு மணப்பெண் தன் ரவிக்கையை வாங்கி முகர்ந்துவிட்டு, அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். தெருக்கோடியில் பழம் விற்கிறவர் ஒருநாள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். தம் வண்டியில் மொய்த்த ஈக்கள் அத்தனையும் இடம் மாறித் தையற்கடைக்கு வந்துவிட்டனவாம். வியாபாரம் இப்படி நடந்து பார்த்ததே இல்லையாம்.

ஒருவழியாகத் திறப்பு விழா வந்தது. கூடத்தைக் கழுவினார்கள், அதாவது துப்பும் தொட்டியின் மேல் ஒரு பட்டுத்துணியைப் போர்த்தினார்கள். மேடை நடுவில் தையல்காரரை ஒரு சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, வாய் மூடிவிடாமல் இரண்டு பக்கமும் கொக்கி மாட்டினார்கள். பக்கத்தில் ஒரு சின்ன மேசை. அதன்மேல், ஆண்டவனே, அந்தப் பூச்சு. கண்ணை ஒருக்களித்து அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார் அவர். இன்னும் ஒரே ஒரு பேச்சு, அப்புறம் பூசிவிடுவார்கள்.

பெரிய டாக்டர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். முன்வரிசைக்காரர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள்.

"பெரியோர்களே! ஓட்டை விழுந்த பல்லை அடைக்கிறது சுலபம். அடைச்சது கண்ணுக்குத் தெரியும். பிடுங்குறது அதைவிடச் சுலபம். பிடுங்கினது கையிலேயே இருக்கும். ஆனா ஓட்டையே விழாமத் தடுத்துட்டா எதைக் காட்டுறது? ஒண்ணுமே நடக்காத இடத்தைக் காட்டி எப்படிப் பாராட்டு வாங்குறது? இந்தச் சிக்கலாலதான் நம்ம முன்னோடிகள் யாரும் நோயைத் தடுக்கிற பக்கமே போகல. நான் துணிஞ்சு போயிருக்கேன். நோய் ஆரம்பிக்கிறப்பவே நோயாளியைப் பிடிச்சு, அதை இத்தனை மாசம் அப்படியே கெடாமப் பாதுகாத்து, இன்னைக்கு உங்க முன்னாடி வெச்சிருக்கேன்!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

பூசுவதற்கு முன் மரபுப்படி ஒரு கடைசிச் சோதனை. பிரிவுத் தலைவர்கள் ஒவ்வொருவராக வந்து, கம்பியால் தொட்டு வாழ்த்திவிட்டுப் போனார்கள். கடைசியாகத் தலைமை விருந்தினர் எழுந்தார். பாலம், பள்ளிக்கூடம், கழிப்பறை என்று கண்டதையெல்லாம் திறந்து வைத்தே வாழ்ந்தவர். பல்லைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது; அதை யாரும் அவரிடம் எதிர்பார்க்கவும் இல்லை. முலாம் பூசிய கம்பியை, ரிப்பன் கட்டித் தட்டில் வைத்து நீட்டினார்கள்.

"எங்க அமுக்கணும்?"

"அந்த வெள்ளைப் புள்ளியில சார்."

"வேண்டாம் சார்! அது தாங்காது!" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சின்ன டாக்டரம்மாவின் குரல் வந்தது. நடு டாக்டர் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டி அதை அமுக்கிவிட்டார்.

தலைமை விருந்தினர் மின்விசையைத் தட்டுகிறவர்போலக் கட்டைவிரலைக் கொடுத்து அழுத்தினார்.

'டிக்.'

அந்தச் சத்தம் தையல்காரருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். ஆனால் இந்த முறை நூல் இல்லை.

"திறந்திருச்சா?" என்று கேட்டார் தலைமை விருந்தினர்.

"திறந்திருச்சுங்க," என்றார் நடு டாக்டர், உள்ளே எட்டிப் பார்த்து. கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது.

பெரிய டாக்டர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "பார்த்தீங்களா! இது சொத்தைதான்னு நாங்க முதல் நாளே சந்தேகப்பட்டோம். இன்னைக்கு நிரூபணம் ஆயிடுச்சு!" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். பூச்சை மூடி, மறுபடி அலமாரியில் வைத்தார்கள். ஓட்டை விழுந்த பல்லுக்கு அதைப் பூசுவது விதிக்கு முரண்.

வாயில் கொக்கியோடு தையல்காரர் ஏதோ சொன்னார். பாராட்டுகிறார் என்று குறித்துக்கொண்டார்கள்.

அடைக்கும் பிரிவுக்கு அவரை நடத்திக்கொண்டு போனார் சின்ன டாக்டரம்மா. அந்தப் பிரிவின் தலைவருக்கு மேடையில் நாற்காலி போடவில்லை. அந்தக் கோபத்தில் சூடாக இருந்தார்.

"இது தானா விழுந்த ஓட்டையா?"

"இல்ல சார். இங்க... விழ வெச்சது."

"தானா விழுற ஓட்டையை மட்டும்தான் நான் அடைப்பேன். மத்தவன் போட்ட ஓட்டைக்கு நான் எதுக்கு ஒட்டுப் போடணும்? மீட்புப் பிரிவுக்கே கொண்டு போ."

மீட்புப் பிரிவு, விழா முடிந்துவிட்டதால், பூட்டியிருந்தது. டாக்டரம்மா பூட்டை இழுத்துப் பார்த்தார். தலைவரைத் தேடி மாடிக்கு ஓடினார். துணைத் தலைவரைத் தேடிக் கீழே ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள், கூடத்தில் வாயைத் திறந்தபடி நின்றிருந்தவரைப் பிடுங்கும் பிரிவு ஆட்கள் பார்த்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் கேள்வியே கேட்காத பிரிவு அது ஒன்றுதான்.

வீட்டில் மனைவி அவரைத் திட்டவில்லை. சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவள் திட்டாமல் இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

சில வாரங்கள் கழித்துத் தெருவெல்லாம் சுவரொட்டி. 'பல் மீண்டது! மருத்துவ சாதனை! பொதுமக்கள் வந்து பார்க்கலாம்!' தையல்காரரும் பொதுமக்களில் ஒருவர்தானே. போனார்.

கூடத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. கீழே வெல்வெட். அதன்மேல் அவருடைய பல். பூச்சு மேல் பூச்சாகப் பூசியிருந்தார்கள். அது அவர் வாயில் இருந்தபோது ஒருநாளும் அப்படி மின்னியதில்லை. ஓட்டை இருந்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள்.

பெரிய டாக்டர் வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "எல்லா முயற்சியும் செஞ்சு பார்த்தோம். கடைசியிலதான் காரணத்தைக் கண்டுபிடிச்சோம். வாய்தான் இடைஞ்சல். அதுல இருந்து வெளிய எடுத்தோம், பல்லு தானாத் தேறிடுச்சு. இனிமே எல்லாருக்கும் இதே முறைதான்."

தையல்காரர் மெல்ல முன்னால் வந்தார். பல் போன இடத்தில் காற்றுப் புகுந்து புறப்பட்டது.

"ஐயா, அதான் குணமாயிடுச்சே. திருப்பிக் குடுத்துடுறீங்களா?"

பெரிய டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு பாடுபட்டுத் தேத்தினதை மறுபடி அந்த வாயிலயா வைக்கச் சொல்றே?" என்றார் உண்மையான வருத்தத்தோடு.

தையல்காரர் கண்ணாடிக்கு இன்னும் கிட்டப் போய் நின்றார். பல்லைப் பார்த்தார். அவரையறியாமல் வாய் திறந்தது.

காவல்காரர் ஓடி வந்து தோளைப் பிடித்து இழுத்தார். "யோவ், பெட்டிகிட்ட வாயைத் திறக்காதேய்யா. பல்லுக்குத் தொத்திக்கும்."

நெஞ்சில் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை, ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன்: பல் மருத்துவமனைக்கென்று எங்கள் ஊரில் ஒதுக்கிய இடத்தில் இன்றுவரை ஆடுதான் மேய்கிறது.